அலிபிரி மூட்டையும் மாற்று அஞ்சல் வழங்கியும்

திருமலைக்கு நடந்து போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். அலிபிரியில் படியில் கால் வைப்பதற்கு முன்னால் பை, பெட்டி எல்லாவற்றையும் தேவஸ்தான கவுண்டரில் கொடுத்துவிடலாம். ஒரு ரசீது தருவார்கள். மூட்டை வண்டியில் மேலே போய்விடும். நாம் 3,550 படியையும் ஏறி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேலே போய் ரசீதை நீட்டினால் நம் மூட்டை நம் கைக்கு வந்துவிடும். இதற்குக் காசு கிடையாது.

எனக்கு பி.காம். இரண்டாம் ஆண்டில் வணிகச் சட்டம் எடுத்த வாத்தியார் 'பெய்ல்மென்ட்' பாடத்தை இந்தக் கவுண்டரை வைத்துத்தான் நடத்தினார். 1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 148-ஆவது பிரிவிலிருந்து தொடங்கும். ஒருவர் பொருளை இன்னொருவர் ஒரு காரியத்துக்காக வாங்கி வைத்துக்கொண்டால், சாதாரண அறிவுள்ள மனிதன் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வானோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 151-ஆவது பிரிவு. "காசு வாங்கினாலும் சரி, சும்மா வாங்கி வச்சாலும் சரி. வாங்கினா பொறுப்பு!" என்று மேஜையைத் தட்டுவார். பரீட்சைக்கு மட்டும் படித்துவிட்டு மறந்துவிட்டேன்.

இப்போது இங்கே டொராண்டோவில் வங்கியில் உட்கார்ந்துகொண்டு மின்னஞ்சல் வரலாற்றைப் பற்றி எழுத எனக்கென்ன தகுதி என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் நானும் மூட்டை வாங்கி வைத்தவன்தான். அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன் கொஞ்சம் பழைய விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மின்மடல் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு எப்படிப் போக வேண்டும் என்ற விதியை 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதினார். ஆர்.எஃப்.சி. 821 என்று பெயர். எஸ்.எம்.டி.பி. என்கிறோமே, அதுதான். இரண்டு கணினிகளும் ஏதோ இரண்டு குமாஸ்தாக்கள் மாதிரிப் பேசிக்கொள்ளும். 'நான் இன்னார், இவரிடமிருந்து மடல், இவருக்குப் போக வேண்டும்' என்று ஒன்று சொல்ல, மற்றது மடல் முழுவதையும் வாங்கிக்கொண்டு '250' என்று பதில் சொல்லும். அந்த 250 தான் ரசீது. அதைச் சொல்லிவிட்டால் மடல் அதன் பொறுப்பு. சேர்த்துவிட வேண்டும், முடியாவிட்டால் அனுப்பியவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். 1989-இல் வந்த ஆர்.எஃப்.சி. 1123 இதை இன்னும் அழுத்திச் சொல்லியது: ஏற்றுக்கொண்ட மடலை அற்பக் காரணங்களுக்காகத் தொலைக்கக் கூடாது. எங்கள் வணிகச் சட்ட வாத்தியாரும் இந்த ஆட்களும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்களோ என்று தோன்றும்.

மாற்று வழங்கி என்ற ஏற்பாடு வந்தது 1986 ஜனவரியில். கிரேக் பார்ட்ரிட்ஜ் எழுதிய ஆர்.எஃப்.சி. 974. ஒரு பெயருக்கு வரும் மடலை எந்தெந்தக் கணினி வாங்கிக்கொள்ளும் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்துவிடலாம். எம்.எக்ஸ். பட்டியல் என்பார்கள். சின்ன எண்ணுக்கு முதல் மரியாதை. 10 என்ற வாசல் திறக்கவில்லையா, 20-க்குப் போ. 20-இல் இருப்பவன் வாங்கி வைத்துக்கொண்டு, 10 எழுந்ததும் கொண்டுபோய்ச் சேர்ப்பான். இணையத்தோடு நேரடியாகத் தொடர்பில்லாத கணினிகளுக்கும் இந்தப் பட்டியலால் ஒரு முகவரி கிடைத்தது. பக்கத்தில் யாராவது அவர்களுக்காக வாங்கி வைத்தால் போதும்.

நம் ஊரில் அந்தக் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருந்திருக்க முடியாது. 1986-இல் மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் பண உதவியோடு எர்னெட் என்ற வலையைத் தொடங்கியது. பம்பாய் என்.சி.எஸ்.டி., பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், சென்னை உட்பட ஐந்து ஐ.ஐ.டி.கள், டில்லியில் துறை அலுவலகம், மொத்தம் எட்டு இடம். தொலைபேசியில் டயல் செய்து, லைன் கிடைத்தால் சேர்ந்திருக்கும் மடல்களை மொத்தமாகத் தள்ளிவிட்டு வைத்துவிடுவார்கள். வெளிநாட்டு மடல்கள் பம்பாய் வழியாகத்தான் போய்வந்தன. வாங்கி வைப்பது, லைன் கிடைத்ததும் அனுப்புவது. மழையில் லைன் போனால் காத்திருப்பது. யாரும் யாரிடமும் காசு கேட்கவில்லை. 'நீ எனக்கு வாங்கி வை, நான் உனக்கு வாங்கி வைக்கிறேன்' என்பதுதான் உலகம் முழுக்க நடைமுறை. எங்கள் தெருவில் ஊருக்குப் போகும்போது சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது போலத்தான்.

பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15, வி.எஸ்.என்.எல். மூலமாக. முதலில் பெருநகரங்களில். தனியார் நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது 1998 நவம்பரில். அதற்குப் பிறகுதான் திருப்பதி மாதிரி ஊர்களில் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர்.

அதற்குள் குப்பையும் வந்து சேர்ந்துவிட்டது. 'எரிதம்' என்று அழகான தமிழ்ச்சொல் ஒன்று உண்டு, ஆனால் எனக்குக் குப்பை மடல் என்றால்தான் கோபம் சரியாக வருகிறது. 1978 மே மாதம் டி.இ.சி. கணினி நிறுவனத்தின் விற்பனைக்காரர் கேரி துர்க், ஆர்ப்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்குத் தன் புதுக் கணினிகளைப் பார்க்க வாருங்கள் என்று ஒரே மடலை அனுப்பினார். அதுதான் பிள்ளையார் சுழி. அடுத்த பெரிய ஆட்டம் 1994 ஏப்ரலில். அரிசோனாவில் கான்டர், சீகல் என்ற வக்கீல் தம்பதி, அமெரிக்கப் பச்சை அட்டை லாட்டரிக்கு விண்ணப்பம் போட்டுத் தருகிறோம், காசு கொடுங்கள் என்று 5,000-க்கும் மேற்பட்ட யூஸ்நெட் குழுக்களில் விளம்பரம் போட்டார்கள். இணையத்தின் முதல் பெரிய வணிகக் குப்பையே நம்மைப் போலப் பெட்டி கட்ட ஆசைப்பட்டவர்களைக் குறிவைத்ததுதான் என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

குப்பை அனுப்புகிறவர்களுக்கு இரவல் முதுகு தேவைப்பட்டது. அந்தக் காலத்து வழங்கிகள் யார் எதைக் கொடுத்தாலும் வாங்கி யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பும். நல்ல எண்ணத்தில் வைத்திருந்த பழக்கம். அதில் ஏறிச் சவாரி செய்தார்கள். 1997-இல் பால் விக்ஸி முதலானோர் இப்படிப்பட்ட முகவரிகளுக்குக் கறுப்புப் பட்டியல் தொடங்கினார்கள். 1998-இல் வந்த சென்ட்மெயில் 8.9 பதிப்பு, சொல்லி வைத்தாலொழிய அடுத்தவர் மடலைக் கடத்தாது என்று மாற்றப்பட்டது. அந்தச் சின்ன மாற்றத்தோடு பக்கத்து வீட்டுச் சாவிக் காலம் முடிந்தது என்று நான் நினைக்கிறேன். வரலாற்றுப் புத்தகத்தில் வராது, ஆனால் முக்கியமான தேதி.

சரி, திருப்பதிக்கு வருவோம்.

எங்கள் வீடு அலிபிரி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில். அப்போது சித்தூர் மாவட்டம். 2022-இல்தான் திருப்பதி தனி மாவட்டமானது. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கணக்கு இரண்டிலும். படிப்பு முடிந்து வங்கித் தேர்வுகள் எழுதிக்கொண்டிருந்த 2003-இல், தெரிந்த அண்ணன் ஒருவரின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தேன். வேலை என்னவென்றால் கணக்கெழுதுவது, மின்சாரம் போனால் ஜெனரேட்டரைக் கிளப்புவது. அண்ணன் ஊர்ப்பக்கத்து லாட்ஜ், டிராவல்ஸ், டியூஷன் சென்டர் ஆட்களுக்குச் சொந்தப் பெயரில் மின்னஞ்சல் போட்டுக் கொடுத்தார். வெளிநாட்டில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்திருந்தார். அதற்கு மேல் ஆண்டுக்கு 500 ரூபாய் கொடுத்தால் 'பேக்கப் மெயில்'. வேறொரு கம்பெனியில் வாடகைக்கு எடுத்த சின்ன சர்வர், எண் 20. "உங்க மெயில் எங்கயும் தொலையாது" என்று நோட்டீஸ் அடித்தோம். தெலுங்கிலும் தமிழிலும் அந்த வாசகத்தை எழுதியவன் நான்தான்.

அந்த வருடம் அக்டோபர் 1 அன்று அலிபிரி அருகே, முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு திருமலைக்குப் போகும் வழியில் கண்ணிவெடி வைத்துத் தாக்கினார்கள். அவர் காயத்தோடு உயிர் தப்பினார். அன்று மாலை எங்கள் கடையில் நிற்க இடமில்லை. துபாய், மஸ்கட், அமெரிக்காவிலிருந்து 'எல்லாரும் நல்லா இருக்கீங்களா' என்று வந்து குவிந்த மடல்களைப் பிரிண்ட் எடுத்து எடுத்து மை தீர்ந்துவிட்டது. மின்னஞ்சல் என்பது விளையாட்டு இல்லை என்று எனக்கு உறைத்த நாள் அது. மலைக்குப் போகும் வண்டிகளுக்கு அதற்குப் பிறகு என்ன சோதனை தெரியுமா!

நாங்களும் எங்கள் 10-ஆம் வாசலில் சோதனை வைத்திருந்தோம். ஆகஸ்டில் சோபிக் வைரஸ் வந்து போனதிலிருந்து கறுப்புப் பட்டியல், வடிகட்டி எல்லாம் போட்டிருந்தார் அண்ணன். 20-ஆம் வாசலில் ஒன்றும் இல்லை. எப்போதோ ஒரு நாள் திறக்கும் வாசல்தானே என்ற எண்ணம். குப்பை அனுப்புகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். விதிப்படி அவன் 10-ஐத்தான் முதலில் தட்ட வேண்டும். அவன் நேராகப் பெரிய எண்ணுக்குப் போவான், அங்கேதான் காவல் குறைவு. 10 நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும் நாளிலும் எங்கள் 20-இல் வந்து விழுந்ததில் பெரும்பகுதி குப்பை.

இன்னொரு கோளாறு இதைவிட மோசம். 20-க்கு எங்கள் வாடிக்கையாளர்களின் பெயர்ப் பட்டியல் தெரியாது. 'ரிசப்ஷன்' என்று உண்மையான முகவரிக்கு வந்தாலும், வாயில் வந்ததை அடித்து அனுப்பியிருந்தாலும் 250 சொல்லி வாங்கிக்கொள்ளும். பிறகு 10-இடம் கொண்டுபோனால் 'அப்படி யாரும் இங்கே இல்லை' என்று பதில் வரும். இப்போது என்ன செய்வது? ரசீது கொடுத்தாகிவிட்டது. விதிப்படி அனுப்பியவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். ஆனால் குப்பை மடலில் அனுப்பியவர் முகவரி பொய். யாரோ ஒரு அப்பாவியின் முகவரி. அவருக்கு 'உங்கள் மடல் சேரவில்லை' என்று நூறு மடல் போகும். அவர் பார்வையில் நாங்கள்தான் குப்பை அனுப்புகிறோம். அவர் எங்களைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கச் சொல்வார். சேர்த்தார்கள். இதற்கு ஆங்கிலத்தில் 'பேக்ஸ்கேட்டர்' என்று பெயர் இருப்பதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. உலகம் முழுக்க மாற்று வழங்கி வைத்திருந்த சின்ன ஆட்கள் எல்லாருக்கும் அந்த இரண்டு மூன்று வருடம் இதே தலைவலிதான்.

2004 ஜனவரி 26, குடியரசு தினத்தன்று மைடூம் என்ற வைரஸ் கிளம்பியது. அதுவரை வந்தவற்றிலேயே வேகமாகப் பரவியது அதுதான் என்றார்கள். 28-ஆம் தேதி காலை எங்கள் 10-ஆம் எண் சர்வர் படுத்துவிட்டது. வாடகைக்குக் கொடுத்தவர்கள் ஹார்ட் டிஸ்க் மாற்றுகிறோம் என்றார்கள். மடல் எல்லாம் 20-க்குப் போனது. 29-ஆம் தேதி ராத்திரி 10 எழுந்ததும், 20 தன்னிடம் சேர்ந்திருந்த நாற்பதாயிரம் சொச்சம் மடல்களையும் அதன் தலையில் கொட்டத் தொடங்கியது. எழுந்தவன் மறுபடி படுத்துக்கொள்வான் போலிருந்தது.

ராத்திரி ஒன்பது மணியிலிருந்து ஒவ்வொன்றாகத் தலைப்பைப் பார்த்துப் பிரித்தோம். விடியற்காலை மூன்று மணிக்கு மூவாயிரம்கூட முடியவில்லை. "என்னடா பண்ணலாம்?" என்றார் அண்ணன். மைடூம் மடல்களுக்கு வழக்கமாகச் சில தலைப்புகள்தான். 'டெஸ்ட்', 'ஹலோ', 'ஹாய்', 'எரர்' இப்படி. "அந்தத் தலைப்பு இருக்கறதை எல்லாம் மொத்தமா அழிச்சிடலாம்ணா" என்றேன் நான். அழித்தோம். முக்கால்வாசி போய்விட்டது. மீதி காலைக்குள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். மகன் மஸ்கட்டில். தினமும் காலையில் கடைக்கு வந்து மெயில் பார்த்துவிட்டுப் போவார். அவருக்கு நாங்களே ஒரு முகவரி கொடுத்திருந்தோம். 30-ஆம் தேதி காலையும் வந்து பார்த்தார். ஒன்றுமில்லை. மகன் அன்று ராத்திரி விமானத்தில் சென்னைக்கு வருகிறான், இரண்டு வருடத்துக்குப் பிறகு வருகிறான் என்று சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் மனைவியோடு சென்னைக்குப் பேருந்து ஏறிவிட்டார். மீனம்பாக்கத்தில் விடிய விடிய நின்றிருக்கிறார்கள். மகன் வரவில்லை. கடைசி நேரத்தில் லீவு கிடைக்கவில்லை, ஒரு வாரம் தள்ளிப்போயிருக்கிறது. வீட்டுத் தொலைபேசி ஒரு வாரமாகச் செத்துக்கிடந்ததால் 28-ஆம் தேதியே மெயில் போட்டிருக்கிறான்.

திரும்பி வந்த மறுநாள் கடைக்கு வந்தார். கோபம் ஒன்றுமில்லை. "ஏம்பா, மெயிலு ஏதும் வரலியா எனக்கு?" என்றுதான் கேட்டார்.

"வரலீங்க ஐயா" என்றேன்.

சாயங்காலம் 20-இன் லாக் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஜனவரி 28, மஸ்கட்டிலிருந்து, அவர் முகவரிக்கு, ஒரு மடல். பக்கத்தில் 250. வரிசை எண்ணைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து மகன் வந்து, 'அனுப்பினேனே' என்று பழைய மடலை மறுபடி தட்டிவிட்டுக் காட்டினான். தலைப்பு ஒரே சொல். 'ஹாய்'.

இதில் இன்னொன்று இருக்கிறது, அது பல வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. எந்த ஒழுங்கான அஞ்சல் வழங்கியும் எதிர்முனை திறக்காவிட்டால் மடலைத் தூக்கிப் போட்டுவிடாது. விட்டு விட்டுத் தட்டிப் பார்க்கும். குறைந்தது நான்கைந்து நாளாவது முயல வேண்டும் என்று அதே 1989-ஆம் வருட ஆர்.எஃப்.சி. 1123 சொல்கிறது. அதாவது எங்கள் 20-ஆம் வாசல் இல்லாமலே இருந்திருந்தால், அந்த மடல் மஸ்கட்டிலேயே காத்திருந்து, 10 எழுந்ததும் 30-ஆம் தேதி காலைக்குள் வந்திருக்கும். 500 ரூபாய் வாங்கிக்கொண்டு நாங்கள் விற்ற பாதுகாப்புதான் அதைத் தொலைத்தது.

அதே ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் பில் கேட்ஸ், குப்பை மடல் பிரச்சினை இரண்டே ஆண்டில் தீர்ந்துவிடும் என்றார் :-) தீரவில்லை என்பது உங்களுக்கே தெரியும். மருந்துகள் வராமல் இல்லை. 2003-இல் ஈவன் ஹாரிஸ் என்பவர் 'கிரேலிஸ்டிங்' என்ற உத்தியை எழுதினார். புது ஆள் தட்டினால் 'கொஞ்ச நேரம் கழித்து வா' என்று சொல்லிவிடுவது. ஒழுங்கான வழங்கி திரும்பி வரும், குப்பைக்காரனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. நான் மேலே சொன்ன அந்தப் பொறுமையையே ஆயுதமாக்கினார்கள். ஆனால் 20-ஆம் எண்ணில் அதே காவல் இல்லாவிட்டால் அதுவும் வீண். மாற்று வழங்கியிடமும் பெயர்ப் பட்டியலைக் கொடுத்து, இல்லாத பெயரை வாசலிலேயே '550' என்று திருப்பி அனுப்பச் சொல்வது இன்னொரு மருந்து. இதுதான் சரியான மருந்து என்பது என் கட்சி. வாங்காத மூட்டைக்கு ரசீது கிடையாது, பொறுப்பும் கிடையாது. அண்ணன் 2004 மார்ச்சில் அதைச் செய்தார்.

மருந்து வேலை செய்வதற்குள் நோயாளியே வீட்டைக் காலி செய்துவிட்டார் என்பது வேறு விஷயம். 2004 ஏப்ரல் 1-இல் ஜிமெயில் வந்தது. 2006-இல் சொந்தப் பெயரிலேயே அவர்களிடம் மின்னஞ்சல் வைத்துக்கொள்ளலாம் என்றானதும் லாட்ஜ்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அண்ணன் இப்போது பூந்தோட்டம் வைத்திருக்கிறார், சௌக்கியம். நான் வங்கித் தேர்வில் தேறி, அப்புறம் இங்கே வந்து சேர்ந்தேன். எங்கள் தொழிலில் யாருடையது என்று தெரியாமல் வந்த பணத்தைச் சஸ்பென்ஸ் கணக்கில் வைப்போம். ஆயிரம் வரி இருந்தாலும் ஒவ்வொரு வரியாகத்தான் தீர்க்க வேண்டும், மொத்தமாக அழிக்க முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அதைச் சொல்லிக் கொடுத்தபோது எனக்கு அந்த விடியற்காலை மூன்று மணி ஞாபகம் வந்தது.

2024 பிப்ரவரியிலிருந்து, மொத்தமாக மடல் அனுப்புகிறவர்கள் தாங்கள்தான் அனுப்புகிறோம் என்று எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் முறைகளில் நிரூபிக்க வேண்டும் என்று கூகுளும் யாகூவும் கட்டாயமாக்கிவிட்டன. நல்லதுதான். ஆனால் ஊரிலிருந்து வரும் கோவில் கும்பாபிஷேகப் பத்திரிகை, பழைய பள்ளி நண்பர்கள் சந்திப்பு அழைப்பு எல்லாம் இப்போதும் குப்பைப் பெட்டியில்தான் கிடக்கின்றன. வாரம் ஒருமுறை அதைத் திறந்து பார்ப்பது என் வழக்கம். வீட்டில் சிரிக்கிறார்கள்.

ஆசிரியர் ஐயா 2011-இல் காலமானார். அவர் மகன் இப்போது மிசிசாகாவில், எங்கள் வீட்டிலிருந்து நாற்பது நிமிடத்தில் இருக்கிறார். பொங்கல் விழாவில் பார்த்துக்கொள்வோம். அந்த மெயில் பற்றி இருபது வருடத்தில் ஒரு முறைகூடப் பேச்சு வந்ததில்லை. கணக்கு நோட்டைப் போன தடவை ஊருக்குப் போனபோது எடுத்து வந்துவிட்டேன். வரிசை எண் மங்கியிருக்கிறது, படிக்க முடிகிறது. இதை எழுதி முடித்ததும் முதலில் அவருக்குத்தான் அனுப்பினேன். குப்பைப் பெட்டியில் விழுந்துவிடப் போகிறதே என்று தொலைபேசியிலும் சொல்லிவிட்டேன்.